பயணச்சீட்டுக்கு அப்பால்: சொகுசுக் கப்பல்களில் கூடுதல் வருவாயின் வளர்ச்சி

பழைய நாளில் கப்பலுக்குச் சீட்டு வாங்கிவிட்டால் எல்லாம் அதில் அடங்கிவிடும், இன்றைய நிறுவனங்கள்தாம் தொட்டதற்கெல்லாம் தனி விலை வைக்கின்றன என்ற குறை சொகுசுக் கப்பல் பயணம் பற்றிய பேச்சில் அடிக்கடி எழுகிறது. வரலாறு இதற்கு இடம் தரவில்லை. 1912இல் டைட்டானிக்கின் மேல்தளத்தில் சாய்வு நாற்காலி வேண்டுமானால் பயணம் முழுமைக்கும் 4 ஷில்லிங் வாடகை. துருக்கியக் குளியலுக்கும் 4 ஷில்லிங். கரையிலுள்ள உறவினருக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்ப முதல் பத்துச் சொற்களுக்கு 12 ஷில்லிங் 6 பென்ஸ். முதல் வகுப்புப் பயணி பொதுச் சாப்பாட்டுக் கூடத்தை விட்டுத் தனி உணவகத்தில் உண்ண நினைத்தால் அதற்கும் பணம். அந்த உணவகத்தைக் கப்பல் நிறுவனம் நடத்தவில்லை. லூய்ஜி காட்டி என்ற இத்தாலியர் குத்தகைக்கு எடுத்திருந்தார். தந்தி அறையில் இருந்தவர்களும் மார்கோனி நிறுவனத்தின் ஆட்களே. விபத்து நடந்த இரவில் அருகிலிருந்த கப்பலின் பனி எச்சரிக்கை குறுக்கிட்டபோது தந்தியாளர் ஜாக் ஃபிலிப்ஸ் அனுப்பிக்கொண்டிருந்தவை, பயணிகள் காசு கொடுத்த சொந்தச் செய்திகள்.

ஆக, கூடுதல் கட்டணமும் புதிதல்ல, குத்தகை முறையும் புதிதல்ல. மாறியது இவற்றுக்கும் சீட்டு விலைக்கும் இடையிலான உறவு. எல்லா வேளையும் காட்டியின் உணவகத்திலேயே உண்பதாக முன்கூட்டிச் சொன்ன பயணிக்கு டைட்டானிக்கை இயக்கிய வைட் ஸ்டார் நிறுவனம் சீட்டு விலையில் தள்ளுபடி தந்தது. நம் சாப்பாட்டை அவர் சாப்பிடப் போவதில்லை, அதற்குரிய பணம் நமக்கெதற்கு என்பது அந்தக் கணக்கு. அடுத்த அறுபது ஆண்டுகளில் இது தலைகீழானது. பயணி உள்ளே வந்து செலவழிப்பார் என்று எதிர்பார்த்தே சீட்டு விலையைக் குறைக்கும் வழக்கம் பிறந்தது.

1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடக்கும் ஜெட் விமானச் சேவை தொடங்கியது. ஊர் போய்ச் சேரக் கப்பல் தேவையில்லை என்றானபின் நிறுவனங்களிடம் மிஞ்சியவை வேலையற்ற கப்பல்கள். கப்பல் பயணத்தையே உல்லாசமாக விற்கும் முயற்சிகள் எழுந்தன. 1966 டிசம்பரில் தொழிலதிபர்களான டெட் அரிசனும் க்னுட் க்ளோஸ்டரும் கூட்டாக மயாமியிலிருந்து 'சன்வர்ட்' கப்பலைக் கரீபியத் தீவுகளுக்கு இயக்கினர். கூட்டு முறிந்தபின் அரிசன் தனியே கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் கப்பல் 'மார்டி க்ரா'. 1961இல் கனடியன் பசிபிக் நிறுவனத்துக்காக 'எம்ப்ரஸ் ஆஃப் கனடா' என்ற பெயரில் கட்டப்பட்டு, வேலையிழந்து விற்கப்பட்ட கப்பல் அது. 1972 மார்ச்சில் முதல் பயணத்திலேயே, பயண முகவர்கள் பலரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, மயாமிக்கு அருகே மணலில் தட்டி நின்றது.

இந்த வரலாற்றின் திருப்பம் அந்தக் கப்பலில்தான் நிகழ்ந்தது என்பது என் கருத்து. அட்லாண்டிக்கை விரைந்து கடக்கக் கட்டப்பட்ட அதன் எந்திரங்கள் எண்ணெயை விழுங்கின. 1973இல் எண்ணெய் விலை எகிறியது. கையில் பணமில்லாத நிறுவனம் கப்பலை மெதுவாக ஓட்டியது. மெதுவாகப் போனால் கடலில் கழியும் நேரம் கூடும். அத்தனை நேரத்தைப் பயணி எப்படிப் போக்குவார்? சூதாட்டக் கூடம், டிஸ்கோ, பார் என்று உள்ளேயே செலவுக்கு வழி செய்தார்கள். கூடவே 'கேளிக்கைக் கப்பல்' என்ற விளம்பரம். போய்ச்சேரும் துறைமுகம் இரண்டாம் பட்சமாகி, கப்பலே போக வேண்டிய இடமாயிற்று. இதை முன்யோசனை என்று பின்னாளில் புகழ்ந்தவர்கள் உண்டு. எண்ணெய்க்குக் காசில்லாத நெருக்கடியே பாதி காரணம்.

அதன்பின் கணக்கு எளிது. காலியாகப் புறப்பட்ட கேபினை மறுநாள் விற்க முடியாது. கப்பலின் எண்ணெய்ச் செலவும் மாலுமிகளின் சம்பளமும் எத்தனை பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே கடைசி நேரத்தில் பாதி விலைக்குக் கேபினை விற்றாலும், ஏறுபவர் குடிக்கும் மதுவும் ஆடும் சூதும் வாங்கும் நகையும் லாபம் தரும். பாப்கார்ன் விலையில் பிழைக்கும் சினிமா தியேட்டரின் கணக்கும் இதுவே. என்ன, தியேட்டரிலிருந்து மூன்று மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

விற்பனை நெருக்குதல் இங்கிருந்துதான் வருகிறது. நகைக்கடை, அழகுநிலையம், ஓவிய ஏலம் ஆகியவற்றைப் பெரும்பாலும் வெளி ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன. விற்றுவரவில் ஒரு பங்கு கப்பலுக்குப் போகும். கழுத்து வலிக்கு மசாஜ் செய்துகொள்ளப் போனவரிடம் கடற்பாசிப் பொடியும் முகக்களிம்பும் விற்க முனையும் பெண்ணுக்குக் கமிஷன்தான் முக்கிய வருமானம். இலவச ஷாம்பெயின் ஊற்றி ஏலம் கூறுபவர் நிலையும் அதுவே. 'துறைமுக விளக்கவுரை' என்ற பெயரில் நடப்பதில் ஊரின் வரலாறு ஐந்து நிமிடம்; மீதியெல்லாம் 'பரிந்துரைக்கப்பட்ட' நகைக்கடைகளின் பட்டியல், அதில் இடம்பெற அந்தக் கடைகள் கட்டணம் செலுத்தியிருக்கும். நச்சரிக்கும் பணியாளரைப் பயணி சபிக்கிறார். நச்சரிப்பு அவர் குணமல்ல, அவருடைய ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட இலக்கு. நியூஃபவுண்ட்லாந்து மெமோரியல் பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ராஸ் க்ளைன் 2002, 2005ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட நூல்கள் இந்தப் பொருளாதாரத்தைப் பொதுவாசகரிடம் கொண்டுசென்றன.

2000இல் நார்வீஜியன் நிறுவனம் 'ஃப்ரீஸ்டைல்' முறையைக் கொண்டுவந்தது. குறித்த நேரம், குறித்த மேசை என்ற பழைய விதி போயிற்று. கூடுதல் கட்டண உணவகங்கள் பெருகின. தினமும் வேறு வேறு மேசையில் உண்பவர் யாருக்கு டிப்ஸ் தருவது? எனவே டிப்ஸ் என்பது தலைக்கு, நாளுக்கு இவ்வளவு என்று கணக்கில் தானே ஏறும் சேவைக் கட்டணமாயிற்று. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. முதலாளி தர வேண்டிய கூலியின் ஒரு பகுதி இப்படிப் பயணியின் ரசீதுக்கு இடம்பெயர்ந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் எனக்குத் தெரியவில்லை. விதிவிலக்காக, பிரிட்டனின் பி அண்ட் ஓ குரூசஸ் 2019இல் இந்தக் கட்டணத்தைக் கைவிட்டது.

சட்டம் தலையிட்டது உள்ளே நடக்கும் விற்பனையில் அல்ல, விளம்பர விலையில். 1990களில் 'துறைமுகக் கட்டணம்' என்ற பெயரில் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் துறைமுகத்துக்குச் செலுத்தாமல் நிறுவனங்களே வைத்துக்கொண்டன என்ற வழக்குகள் புளோரிடாவில் குவிந்தன. அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல், காஸ்டா கப்பல் நிறுவனத்துக்கு எதிராக லாட்மன் என்ற பயணி தொடுத்த வழக்கில், இது ஏமாற்று வணிகமுறை என்று தீர்ப்பளித்தது. 2007இன் இறுதியில் எண்ணெய் விலையைக் காட்டி, ஏற்கெனவே முன்பதிவு செய்தவர்களிடமும் எரிபொருள் கூடுதல் கட்டணம் கேட்டார்கள். புளோரிடா அரசின் தலைமை வழக்குரைஞர் தலையிட்டபின், 2008இல் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியச் சட்டத்தால் நிறுவனங்கள் துறைமுகக் கட்டணங்களையும் சேர்த்தே விலையை விளம்பரப்படுத்தத் தொடங்கின. சேவைக் கட்டணம் அப்போதும் வெளியேதான் நின்றது, கேட்டால் நீக்கிக்கொள்ளலாம் என்பதால் அது கட்டாயக் கட்டணம் ஆகாதாம்.

இதற்கிடையே ரொக்கம் மறைந்தது. கேபின் சாவியே கடன் அட்டையாயிற்று; 2017இல் பிரின்சஸ் நிறுவனம் அதையும் உடலில் அணியும் பதக்கமாக்கியது. கரையில் செலவாகும் பணத்தையும் விடுவதில்லை: பஹாமாஸில் நிறுவனங்களுக்கே சொந்தத் தீவுகள் உண்டு. விளைவு ஆண்டறிக்கைகளில் தெரிகிறது. கார்னிவலின் 2019 வருவாய் சுமார் 2,080 கோடி டாலர். அதில் சீட்டு விற்பனை நீங்கலாகக் கப்பலுக்குள் ஈட்டியதும் பிறவும் 630 கோடிக்குச் சற்று மேல். 2024இல் மொத்தம் 2,500 கோடியாக உயர்ந்தபோது அந்தப் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டியிருந்தது.

இந்தப் பொருளாதாரம் சென்னைக்கும் வந்தது. 2022 ஜூனில் இங்கிருந்து புறப்பட்ட கோர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்', 1990இல் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரில் மயாமியின் மூன்று, நான்கு இரவுப் பயணங்களுக்கென்றே கட்டப்பட்ட கப்பல். சூதாட்டக் கூடம் உள்ள கப்பல் என்ற எதிர்ப்பின் நடுவே புதுச்சேரியில் அனுமதி கிடைக்காமல் அது கரை சேராமலே திரும்பியது. அன்று அது பெரிதும் ஒழுக்கப் பிரச்சினையாகவே பேசப்பட்டது. ஆனால் இத்தகைய கப்பலில் சூதாட்டக் கூடத்தை மட்டும் பூட்டிவிட்டுச் சீட்டை அதே விலைக்கு விற்க முடியாது. அந்த விலையே அதை நம்பித்தான் போடப்படுகிறது.