புதிய மாதிரிக்கான காத்திருப்பு: ஒரு வரலாற்று நோக்கு

புதிய திறன்பேசி ஒன்று வெளிவரப்போகின்றது என்ற செய்தி, அது வெளிவருவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே உலகெங்கும் பரவிவிடுகின்றது. தன் கையிலுள்ள கருவி யாதொரு குறையுமின்றி இயங்கும்போதும், அதன் உடைமையாளர் அதனை இன்னும் உற்பத்தி செய்யப்படாத வேறொரு கருவியோடு ஒப்பிடத் தொடங்குகின்றார். புதிதாக வாங்க விரும்புபவரோ கடையில் இருப்பதை வாங்குவதா, வரப்போவதற்காகப் பொறுத்திருப்பதா எனத் தடுமாறுகின்றார். இதனை இளைஞரின் மோகம் என்றோ நாகரிக மயக்கம் என்றோ கூறி ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், இல்லாத பண்டத்தின் பொருட்டு இருக்கும் பண்டத்தை வாங்காது நிற்கும் இம்மனநிலைக்கு ஒரு வரலாறு உண்டு. உற்பத்தியாளர் இதனைத் திட்டமிட்டே வளர்த்தனர். அவ்வாறு வளர்க்கப்பட்ட இக்காத்திருப்பு அவர்களுட் சிலரை வீழ்த்தியும் இருக்கின்றது. இவ்விரு நிலைகளுக்குமிடையே உள்ள தொடர்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இக்காத்திருப்பின் தோற்றுவாயைத் தொலைபேசித் துறையிற் காணமுடியாது. அதனை ஐக்கிய அமெரிக்காவின் மோட்டார் வாகனக் கைத்தொழிலிலேயே தேடவேண்டும். ஹென்றி போர்ட் 1908இல் வெளியிட்ட ‘மொடல் ரீ’ வாகனம் 1927 வரை அடிப்படையில் ஒரே வடிவினதாகவே உற்பத்தி செய்யப்பட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வாகனங்கள் அவ்வாறு வெளிவந்தன. தொடக்கத்தில் 850 டொலராக இருந்த விலை, 1920களின் நடுப்பகுதியில் 300 டொலருக்கும் கீழே இறங்கியது. மாறாத வடிவம், குறைந்து செல்லும் விலை என்பனவே போர்டின் கொள்கை எனலாம். இத்தகைய பண்டத்திற்காக எவரும் காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. அடுத்த ஆண்டு வருவதும் இதுவே என்பது வாங்குபவருக்கு நன்கு தெரியும்.

ஆனால் 1920களில் நிலைமை மாறியது. வாகனம் வாங்கக்கூடியவருட் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒன்றினை வாங்கிவிட்டனர். முதல் வாகனத்தை விற்பது முடிந்து, இரண்டாவது வாகனத்தை விற்கவேண்டிய காலம் பிறந்தது. இம்மாற்றத்தைத் தெளிவாக விளங்கிக்கொண்டவர் 1923இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் தலைவரான அல்பிரட் சிலோன் ஆவார். ஆண்டுதோறும் மாதிரியை மாற்றுதல், நிறத்தையும் உருவமைப்பையும் விற்பனைக் கருவியாக்குதல் என்னும் முறைகள் அவர் காலத்தில் நிலைபெற்றன. 1927இல் ஹாலி ஏர்ல் என்பவரின் பொறுப்பில் உருவமைப்புக்கெனத் தனிப்பிரிவொன்றும் அந்நிறுவனத்தில் அமைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தைப் பழுதாக்காமலே பழையதாக்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு இதுவே விடையாயிற்று.

போர்ட் இதற்குப் பணிந்த விதம் குறிப்பிடத்தக்கது. 1927 மே மாதத்தில் அவர் ‘மொடல் ரீ’ உற்பத்தியை நிறுத்தித் தொழிற்சாலைகளை மூடினார். புதிய ‘மொடல் ஏ’ அவ்வாண்டு டிசெம்பர் 2ஆம் திகதியே மக்களுக்குக் காட்டப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் விற்பதற்குப் புதிய வாகனம் எதுவும் போர்டிடம் இல்லை, ஊகங்களே மிகுந்திருந்தன. வெளியீட்டு நாளன்று மக்கள் காட்சிக்கூடங்களில் திரண்டனர் என்பது உண்மையே. ஆயினும் அவ்வாண்டில் விற்பனையில் முதலிடம் பெற்றது ஜெனரல் மோட்டோர்ஸின் செவர்லே வாகனமாகும். ஆவல் எவ்வளவு பெரியதாயினும், அது நீடிக்கும் காலத்தில் வருமானம் இல்லை என்னும் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகின்றது.

இப்பாடம் ஒரு பெயரைப் பெற்றது கணினித் துறையிலேயாகும். அப்பெயருக்குரியவர் தமிழ்நாட்டோடு தொடர்புடையவர் என்பதை நம்மவரிற் பலர் அறியார். அடம் ஒஸ்போர்ன் 1939இல் பாங்கொக்கிற் பிறந்தவர். தந்தையார் ஆதர் ஒஸ்போர்ன், ரமண மகரிஷியின் அடியாராகத் திருவண்ணாமலையில் வாழ்ந்து அவரைப் பற்றி நூல்கள் எழுதியவர். மகனின் இளமைக்காலமும் அங்கேயே கழிந்தது. பின்னர் அமெரிக்கா சென்ற அடம், 1981 ஏப்ரிலில் ‘ஒஸ்போர்ன் 1’ என்னும் கணினியை அறிமுகஞ் செய்தார். ஏறத்தாழ 11 கிலோகிராம் நிறையும் 5 அங்குலத் திரையும் கொண்ட அக்கருவியைத் தூக்கிச் செல்லத்தக்க கணினி என அக்காலம் ஏற்றுக்கொண்டது. மென்பொருள்களும் உட்பட 1795 டொலருக்கு அது விற்கப்பட்டது. விற்பனையும் பெருகியது.

1983இன் முற்பகுதியில் ஒஸ்போர்ன் தமது அடுத்த கணினியான ‘எக்செக்கியூட்டிவ்’ பற்றிப் பத்திரிகையாளருக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தார். அது இன்னும் கடைக்கு வரவில்லை. செய்தி பரவியதும் பழைய கருவிக்கான கேள்வி சரிந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் நிறுவனம் வங்குரோத்து நிலையை அடைந்தது. வரவிருக்கும் பண்டத்தை அறிவித்து இருக்கும் பண்டத்தின் விற்பனையைக் கெடுத்துக்கொள்வதை ‘ஒஸ்போர்ன் விளைவு’ என வணிக உலகம் அன்று முதல் வழங்கி வருகின்றது. வீழ்ச்சிக்குக் காரணம் அறிவிப்பு மட்டுமன்று. கேப்றோ போன்ற போட்டிக் கணினிகளும் நிருவாகச் சீர்கேடும் காரணங்களே என வாதிடுவோரும் உளர். அவ்வாதம் வலிமை வாய்ந்தது. நலிந்திருந்த நிறுவனத்தின்மீது காத்திருப்பு இறுதி அடியாக விழுந்தது என்று கொள்வதே பொருந்தும். அடம் ஒஸ்போர்ன் 2003இல் கொடைக்கானலிற் காலமானார்.

திறன்பேசியின் தொடக்கக் காலத்தில் இத்தகைய ஆவலைக் காண்பதரிது. 1994இல் விற்பனைக்கு வந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘சைமன்’, 1996இல் வெளிவந்த நொக்கியாவின் ‘கொமியூனிகேற்றர்’ ஆகியன வணிகத் துறையினருக்கான சிறப்புக் கருவிகளாகவே அமைந்தன. பொதுமக்கள் அவற்றை எதிர்பார்த்து நாட்களை எண்ணவில்லை.

நிலைமை 2007இல் மாறியது. அவ்வாண்டு ஜனவரி 9ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரில் ஸ்டீவ் ஜொப்ஸ் ஐபோனை அறிமுகஞ் செய்தார். அது கடைகளுக்கு வந்தது யூன் 29ஆம் திகதியாகும். ஏறக்குறைய ஆறு மாதங்கள் உலகம் காத்திருந்தது. தொடர்பாடற் கருவிகளுக்கு அனுமதி வழங்கும் அமெரிக்க அரச ஆணைக்குழுவின் பதிவுகள் வாயிலாகச் செய்தி வெளிப்படுவதைக் காட்டிலும் தாமே வெளியிடுதல் நன்று என்பதே ஜொப்ஸ் கூறிய காரணம். இதனினும் அடிப்படையான காரணம் ஒன்றுண்டு. அப்பிள் நிறுவனத்திடம் அன்று விற்பனையிலிருந்த சொந்தத் தொலைபேசி எதுவுமில்லை. எனவே முன்னறிவிப்பினால் அதற்கு இழப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்வாறு மாதக்கணக்கில் தாமதிக்கப்பட்ட கொள்வனவுகள் யாவும் பிற நிறுவனங்களின் கொள்வனவுகளேயாகும்.

அவ்வேளை ஒப்பீட்டில் ஈடுபட்டவர்கள் இரண்டு கருவிகளை அருகருகே வைத்தனர். 2007 மார்ச்சில் விற்பனைக்கு வந்த நொக்கியா ‘என்95’ 5 மெகாபிக்சல் கமராவையும், மூன்றாம் தலைமுறை வலையமைப்பு வசதியையும், செய்மதி வழியாக இடமறியும் வசதியையும் கொண்டிருந்தது. ஐபோனின் கமரா 2 மெகாபிக்சல் மட்டுமே. மற்ற இரு வசதிகளும் அதில் இல்லை. காணொளி பதிவு செய்யவும் இயலாது. அட்டவணையின்படி நோக்கினால் வெற்றி நொக்கியாவுக்கே உரியது. ஆனால் விரலால் தொட்டுத் திரையை நகர்த்தும் அனுபவத்திற்கு அட்டவணையில் நிரல் ஒன்று இருக்கவில்லை. இலக்கங்களாக மாற்றத்தக்கவற்றை மட்டுமே ஒப்பிடும் முறையின் குறைபாடு இதனினும் தெளிவாக வேறெங்கும் புலப்பட்டதில்லை.

காத்திருப்போர் பக்கத்திலும் ஓர் அனுபவம் நேர்ந்தது. 599 டொலருக்கு விற்கப்பட்ட 8 கிகாபைற் ஐபோன், அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி 399 டொலராகக் குறைக்கப்பட்டது. இரண்டு மாதம் முன்னதாக வாங்கியவர்கள் கிளர்ந்தெழுந்தனர். நிறுவனம் அவர்களுக்கு 100 டொலர் பெறுமதியான கடைக்கழிவு வழங்கிச் சமாதானஞ் செய்தது. வரிசையில் முதலில் நின்றவனைவிடப் பொறுத்திருந்தவன் பயன்பெற்றான் என்பது அன்று முதல் வாங்குவோர் மனத்திற் பதிந்தது.

சொந்தத் தொலைபேசியை விற்கத் தொடங்கியதும் அப்பிளுக்கும் காத்திருப்பு இருபுறமும் கூரான வாளாயிற்று. முன்பு ஆறு மாதம் முன்னதாக அறிவித்த நிறுவனம், பின்னர் அறிவிப்புக்கும் விற்பனைக்கும் இடைப்பட்ட காலத்தைச் சில வாரங்களாகச் சுருக்கி, அதுவரை இரகசியம் காத்தது. 2010இல் வெளிவரவிருந்த ‘ஐபோன் 4’இன் முன்மாதிரி ஒன்று கலிபோர்னிய மதுச்சாலையொன்றில் தவறவிடப்பட, அதனைப் பெற்ற கிஸ்மோடோ என்னும் இணைய இதழ் ஏப்ரிலிலேயே அதன் படங்களை வெளியிட்டமை அக்காலத்துப் பெருஞ்செய்தி. மறு ஆண்டு வழமையான கோடைகால வெளியீடு ஒக்டோபருக்குத் தள்ளிப்போயிற்று. யூன் மாதத்துடன் முடிந்த காலாண்டில் 2 கோடிக்கு மேல் விற்பனையான ஐபோன், செப்டெம்பருடன் முடிந்த காலாண்டில் 1 கோடி 71 இலட்சமாக வீழ்ந்தது. புதியது பற்றிய ஊகங்களே இதற்குக் காரணம் என நிறுவனமே கூறியது. எவரும் எதனையும் அறிவிக்காமலே ஒஸ்போர்ன் விளைவு தோன்றக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

2012 முதல் செப்டெம்பர் மாதமே முதன்மை ஐபோன்களின் வெளியீட்டு மாதமாக நிலைபெற்றது. பெருந்தொற்று நிலவிய 2020இல் மாத்திரம் அது ஒக்டோபருக்கு மாறியது. திகதி உறுதியானால் காத்திருப்பும் கணக்கிடத்தக்கதாகின்றது. கிடங்கிலுள்ள பழைய மாதிரிகளை முன்கூட்டியே குறைக்கலாம், விலையிறக்கத்தைத் திட்டமிடலாம். 1920களில் சிலோன் வகுத்த ஆண்டு மாதிரி முறையே நாட்காட்டியில் இடம்மாறி வந்துள்ளது என்பது என் கருத்து.

இக்கட்டுப்பாட்டை இழந்த நிறுவனம் எவ்வாறு அழியும் என்பதற்கு நொக்கியாவின் வரலாறு எடுத்துக்காட்டாகும். அதன் தலைமை நிருவாகியான ஸ்டீபன் இலொப், 2011 பெப்ரவரி 11ஆம் திகதி, மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் ‘விண்டோஸ் போன்’ முறைமையே இனி நொக்கியாவின் முதன்மைத் தளம் என அறிவித்தார். அன்று விற்பனையிலிருந்த திறன்பேசிகளுட் பெரும்பாலானவை ‘சிம்பியன்’ முறைமையில் இயங்கியவை. மேலும் 15 கோடி சிம்பியன் கருவிகளை விற்க எண்ணியுள்ளதாகவும் அதே வேளையில் நிறுவனம் கூறிற்று. எதிர்காலமற்றது என விற்பவனே கூறிய பண்டத்தை யார் விரும்பி வாங்குவர்? புதிய முறைமையில் அமைந்த முதற் கருவியான ‘லூமியா 800’ ஒக்டோபர் 26ஆம் திகதியே அறிமுகமாயிற்று. 2010இன் இறுதிக் காலாண்டில் 2 கோடி 83 இலட்சமாக இருந்த நொக்கியாவின் திறன்பேசி விற்பனை, 2011இன் இரண்டாம் காலாண்டில் 1 கோடி 67 இலட்சமாகச் சரிந்தது. ஒஸ்போர்ன் விஷயத்தில் ஐயுறவுக்கு இடமுண்டு. இங்கு அது மிகக் குறைவு. ஐபோனினதும் அன்ட்ரொயிட் கருவிகளினதும் போட்டி ஏற்கெனவே கடுமையாக இருந்தது உண்மையே. ஆனால் சில மாதங்களுக்குள் நிகழ்ந்த இச்சரிவின் வேகத்தை அப்போட்டி மட்டும் விளக்காது.

வியப்பு யாதெனில், இதே தவறு மறு ஆண்டும் நிகழ்ந்தமையாகும். 2012 யூன் 20ஆம் திகதி மைக்ரோசொப்ட் ‘விண்டோஸ் போன் 8’ முறைமையை அறிவித்து, ஏற்கெனவே விற்கப்பட்ட லூமியாக்களுக்கு அது கிடைக்காது எனவும் தெரிவித்தது. அமெரிக்காவில் ‘லூமியா 900’ வெளிவந்து மூன்று மாதங்கூட நிறைவுறவில்லை. ஈராண்டு ஒப்பந்தத்தோடு 100 டொலர் அளவுக்கு விற்கப்பட்ட அதன் விலை அடுத்த மாதமே பாதியாயிற்று. 2014 ஏப்ரிலில் நொக்கியாவின் தொலைபேசிப் பிரிவு மைக்ரோசொப்டின் உடைமையாக மாறியது.

இனி, காத்திருப்போடு உடன்வளர்ந்த ஒப்பீட்டைச் சிறிது நோக்குவோம். ஆண்டுதோறும் புதியது வரவேண்டுமாயின், அது புதியது என்பதற்கு அளவுகோல் வேண்டும். கமராவின் மெகாபிக்சல், புரொசெசரின் வேகம், நினைவகத்தின் அளவு என்பன அத்தேவையை நிறைவு செய்தன. இவற்றின் உண்மைப் பெறுமதி வேறு. 2012இல் நொக்கியா 41 மெகாபிக்சல் கமராவுடன் ‘808’ என்னும் கருவியை வெளியிட்டது. அப்பிளோ 2011 முதல் 2014 வரை நான்கு ஆண்டுகள் தனது முதன்மைக் கருவிகளில் 8 மெகாபிக்சலையே வைத்திருந்தது. அக்காலத்தில் அவற்றின் படங்கள் ஆண்டுதோறும் மேம்பட்டன. வேகச் சோதனைகளின் நிலை இன்னும் நலிந்தது. 2013இல் சம்சுங் ‘கலக்ஸி எஸ்4’இன் ஒரு வகை, குறிப்பிட்ட சோதனைச் செயலிகளை இனங்கண்டு, அவை இயங்கும்போது மட்டும் தன் வரைவியற் பகுதியை 480க்குப் பதிலாக 533 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் இயக்குவதை ஆனந்த்ரெக் இதழ் வெளிப்படுத்தியது. பரீட்சை மண்டபத்தில் மட்டும் கெட்டிக்காரனாக விளங்கும் மாணவனைப் பல்கலைக்கழகத்தினரான நாம் நன்கறிவோம்.

கடந்த பத்தாண்டில் இவ்வாண்டுச் சுழற்சி தளர்ந்து வருகின்றது. 2016ஆம் நிதியாண்டில் ஐபோன் விற்பனை முதன்முறையாக முந்திய ஆண்டிலும் குறைந்தது. 2017 டிசெம்பரில், மின்கலம் முதுமையடைந்த பழைய கருவிகளின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததை அப்பிள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. எழுந்த கண்டனத்தின் விளைவாக, மின்கலம் மாற்றும் கட்டணம் 2018ஆம் ஆண்டுக்கு 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைக்கப்பட்டது. மக்கள் புதிய மின்கலத்தைப் பெற்றுப் பழைய கருவியோடு நின்றுகொண்டனர். 2019 ஜனவரி 2ஆம் திகதி முதலீட்டாளருக்கு எழுதிய மடலில், வருமானம் எதிர்பார்த்ததிலும் குறைந்தமைக்கான காரணங்களுள் ஒன்றாக இதனையும் ரிம் குக் குறிப்பிட்டார். பெருங்காரணம் சீனச் சந்தையின் மந்தமே. எனினும் 29 டொலர்ச் செலவு அந்த மடலில் இடம்பெற்றமை, காத்திருப்பவனது முடிவு ‘எப்போது வாங்குவது’ என்பதிலிருந்து ‘வாங்கத்தான் வேண்டுமா’ என்பதாக மாறியதை உணர்த்துகின்றது. தொலைபேசியின் முழு விலையையும் தாமே செலுத்தும் எம்மைப் போன்ற நாட்டினருக்கு இவ்வினா புதியதன்று.

இதன்பின் போட்டியின் பொருளும் மாறத் தொடங்கியது. 2023 ஒக்டோபரில் கூகிள் ‘பிக்சல் 8’ கருவிக்கும், 2024 ஜனவரியில் சம்சுங் ‘கலக்ஸி எஸ்24’ கருவிக்கும் ஏழு ஆண்டுகள் மென்பொருள் இற்றைப்படுத்தல் வழங்குவதாக உறுதியளித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 யூன் 20 முதல் விற்பனைக்கு விடப்படும் திறன்பேசிகளுக்கு அரச விதிப்படியான முகப்புச்சீட்டு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஒருமுறை மின்னேற்றினால் எத்தனை மணிநேரம் இயங்கும், மின்கலம் எத்தனை முறை மின்னேற்றத்தைத் தாங்கும், கீழே விழுந்தால் எவ்வளவு தாக்குப்பிடிக்கும், பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது, தூசிக்கும் நீருக்கும் எவ்வளவு ஈடுகொடுக்கும் என்பன அச்சீட்டிற் காணப்படுகின்றன. மெகாபிக்சலுக்கு அதில் இடமில்லை.