லேனி

பின்லாந்து வரலாற்றைப் படிப்பவர்கள் அடிக்கடி சந்திக்கும் சொல் 'லேனி'. அந்நாட்டில் முன்பு இருந்த மாகாணத்துக்கு அதுதான் பெயர். முதலெழுத்தை 'லா'வுக்கும் 'லே'வுக்கும் நடுவே நீட்டி ஒலிக்க வேண்டும்.

சொல் சுவீடிய மொழியிலிருந்து வந்தது. அங்கே 'லேன்' என்றால் முதலில் மாகாணம் அல்ல. சேவைக்கு ஈடாக ஒருவர் அனுபவிக்க மன்னர் கொடுத்த மானிய நிலம். நிலம் மன்னருடையது, அனுபவம் மட்டுமே இரவல். நாம் வங்கியில் வாங்கும் 'லோன்' என்ற சொல்லுக்கும் இதே வேர்தான். பின்னிய மொழியில் மானிய நிலத்தை இன்றும் 'லேனிட்டிஸ்' என்பார்கள்.

1634-இல் சுவீடன் தன் ஆட்சியமைப்பைச் சீர்செய்தபோது, பின்லாந்து அதன் பகுதியாக இருந்தது. அப்போது 'லேன்' ஆளுநரின் கீழ் இயங்கும் நிர்வாகப் பிரிவாயிற்று. ஆளுநருக்குப் பின்னியப் பெயர் 'மாஹெர்ரா': 'மா' நிலம், 'ஹெர்ரா' தலைவர். 1809-இல் நாடு ரஷ்யப் பேரரசர் கைக்குப் போனது. 1917-இல் விடுதலை பெற்றது. லேனி இரண்டையும் தாண்டி நின்றது. 1938-இல் ஓவுலு லேனியின் வடபகுதி பிரிந்து லாப்லாந்து லேனி ஆனது. 1997-இல் பன்னிரண்டு லேனிகள் ஆறாகச் சுருங்கின. 2009 முடிவோடு எல்லாமே கலைக்கப்பட்டன.

பேச்சில் மட்டும் சொல் பிழைத்திருக்கிறது. விசாலமான இடத்தைக் கண்டால் 'லேனியா ரீத்தே' என்பார்கள். 'இடத்துக்குக் குறைவில்லை' என்று பொருள். சுவீடனிலோ இன்றும் 21 'லேன்'கள் உள்ளன.