ஒரு தடம், மூன்று பணிகள்: குவாங்சோ மெட்ரோவின் மூன்றாம் வழித்தடத்தில் நெரிசல் உருவான வரலாறு (1993–2024)

ஆய்வுச் சுருக்கம்

தென் சீனப் பெருநகரான குவாங்சோவின் மெட்ரோ மூன்றாம் வழித்தடம் 2005 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள்ளேயே சீனாவின் நெரிசல் மிகுந்த தடங்களில் ஒன்றாகப் பெயர் பெற்றது. மக்கள்தொகைப் பெருக்கமே இதற்குக் காரணம் என்பது பொதுவான விளக்கம். அது தவறன்று, ஆனால் போதாது. புறநகர் விரைவுத் தடம், நகர மையத் தடம், விமான நிலையத் தடம் என மூன்று பணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இருப்புப்பாதையின் மீது ஏற்றப்பட்டதும், பிற தடங்கள் திறக்கப்பட்ட வரிசைமுறையுமே நெரிசலுக்கு வடிவம் தந்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. பின்னணி: செலவும் சிக்கனமும்

குவாங்சோவில் சுரங்க ரயில் பற்றிய எண்ணம் 1950களின் இறுதியிலேயே தோன்றியிருந்தாலும், முதல் வழித்தடத்தின் கட்டுமானம் 1993 டிசம்பர் 28 அன்றுதான் முறையாகத் தொடங்கியது. 1997 ஜூனில் அதன் ஒரு பகுதியும், 1999 ஜூனில் முழுத் தடமும் திறக்கப்பட்டன. சுமார் 18.5 கி.மீ. நீளமுள்ள அத்தடத்துக்கு ஏறத்தாழ 1,270 கோடி யுவான் செலவானது. ரயில் பெட்டிகள் உட்பட முக்கியக் கருவிகள் பலவும் ஜெர்மனியிலிருந்து வந்தவை.

மெட்ரோவின் செலவு அப்போது குவாங்சோவின் கவலை மட்டுமாக இருக்கவில்லை. பல நகரங்கள் ஒரே நேரத்தில் மெட்ரோ கேட்டு வரிசையில் நின்றதால், புதிய திட்டங்களுக்கு ஒப்புதல் அளிப்பதை 1995 டிசம்பரில் சீன அரசவை நிறுத்தி வைத்தது. தடை தளர்ந்தபோது கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: கருவிகளில் குறைந்தது 70 விழுக்காடு உள்நாட்டுத் தயாரிப்பாக இருக்க வேண்டும் என 1999இல் விதிக்கப்பட்டது. செலவைக் குறைத்துக் காட்டினால்தான் ஒப்புதல் என்ற இந்தச் சூழலில்தான் குவாங்சோவின் அடுத்த தடங்கள் வரையப்பட்டன. மூன்றாம் தடத்தின் அளவுகளைப் புரிந்துகொள்ள இப்பின்னணி தேவை.

2. தெற்கு நோக்கிய நகரம்

முத்து ஆற்றுக்குத் தெற்கே உள்ள பான்யூ நெடுங்காலம் தனி ஆட்சிப் பகுதியாக இருந்தது. 1988இல் திறக்கப்பட்ட லுவோஷி பாலம் அதைக் குவாங்சோவுடன் நேரடியாக இணைத்தது. பாலத்தின் தென்கரையில் வீட்டுமனைத் தொழில் வேரூன்றியது. 1991இல் தொடங்கிய கிளிஃபோர்ட் எஸ்டேட்ஸ் போன்ற மாபெரும் குடியிருப்புகள் முதலில் ஹாங்காங் வாசிகளையும், பின்னர் குவாங்சோவின் நடுத்தர வர்க்கத்தையும் ஈர்த்தன. பாலத்தில் வசூலிக்கப்பட்ட சுங்கம் 2005 ஜூலையில்தான் கைவிடப்பட்டது. அதுவரை வேலைக்குப் போக ஆற்றைக் கடப்பதற்கே பணம் கட்ட வேண்டியிருந்தது.

2000ஆம் ஆண்டில் பான்யூவும் வடக்கேயுள்ள ஹுவாடுவும் குவாங்சோவின் மாவட்டங்களாக்கப்பட்டன. அதே ஆண்டில் வகுக்கப்பட்ட நகர வளர்ச்சிக் கொள்கை, தெற்கே விரிவது, வடக்கைச் செம்மைப்படுத்துவது, கிழக்கே முன்னேறுவது, மேற்கோடு இணைவது என நான்கு திசைகளுக்கும் நான்கு இலக்குகளை வைத்தது. இவற்றுள் தெற்கே விரிவதற்கான முதுகெலும்பாக அமைந்ததே மூன்றாம் தடம்.

இங்கே ஒரு முரணைக் குறிக்க வேண்டும். வீடுகள் தெற்கே போயின, வேலைகள் போகவில்லை. 1990களின் தொடக்கத்திலிருந்தே திட்டமிடப்பட்டு வந்த சூச்சியாங் புதுநகரமும் அதை ஒட்டிய தியான்ஹே வணிகப் பகுதியும்தான் வங்கிகளையும் அலுவலகங்களையும் தம்மிடம் குவித்துக்கொண்டன. ஆகவே இத்தடம் இரு நகரங்களை இணைப்பதாகத் திட்டமிடப்பட்டாலும், நடைமுறையில் காலையில் ஒரு திசையிலும் மாலையில் எதிர்த்திசையிலும் மக்களை அள்ளிச் செல்லும் தடமாக ஆயிற்று.

3. வேகமான தடம், சிறிய ரயில்

மூன்றாம் தடத்தின் முதல் பகுதி 2005 டிசம்பர் 26 அன்று குவாங்சோ கிழக்கு ரயில் நிலையத்துக்கும் கெசுனுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2006 டிசம்பர் 30 அன்று, தெற்கே பான்யூ சதுக்கம் வரையும், வடகிழக்கே தியான்ஹே பேருந்து முனையம் வரையும் அது நீண்டது.

சீன மெட்ரோக்களில் மணிக்கு 120 கி.மீ. வேகத்துக்கென வடிவமைக்கப்பட்ட முதல் தடம் இதுவே. குவாங்சோவின் முதல் இரு தடங்களின் உச்ச வேகம் 80 கி.மீ. மட்டுமே. தெற்குப் பகுதியில் நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரமும் அதிகம். நகரத் தடமாக அன்றி, தொலைவைச் சுருக்கும் வட்டாரத் தடமாகவே பொறியாளர்கள் இதைக் கருதினர் என்பதை இந்த அளவுகள் காட்டுகின்றன.

அந்தக் கருத்தே ரயிலின் அளவையும் தீர்மானித்தது. முதல் இரு தடங்களில் 3 மீட்டர் அகலமுள்ள 'ஏ' வகைப் பெட்டிகள், ரயிலுக்கு 6 வீதம் ஓடின. மூன்றாம் தடத்துக்கு 2.8 மீட்டர் அகலமுள்ள 'பி' வகைப் பெட்டிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தொடக்கத்தில் ஒரு ரயிலுக்கு 3 பெட்டிகளே. முதல் தட ரயிலின் நீளம் சுமார் 140 மீட்டர், மூன்றாம் தட ரயிலின் நீளம் சுமார் 60 மீட்டர் எனக் கொண்டு தரைப்பரப்பைக் கணக்கிட்டால், முன்னதற்கு 420 சதுர மீட்டரும் பின்னதற்கு 168 சதுர மீட்டரும் வரும். அதாவது, நகரத்தின் புதிய முதுகெலும்பில் ஓடிய ரயில், பழைய தடத்து ரயிலில் 40 விழுக்காடு இடத்தை மட்டுமே கொண்டிருந்தது.

பெட்டிகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற வழி வைக்கப்பட்டிருந்தது. நடைமேடைகள் 6 பெட்டிகளுக்கு ஏற்ற நீளத்தில் கட்டப்பட்டன. 2010இல் மும்மூன்று பெட்டிகளைக் கொண்ட இரு ரயில்களை இணைத்து 6 பெட்டி ரயில்கள் விடப்பட்டன. அப்போதும் தரைப்பரப்பு 336 சதுர மீட்டர்தான்; முதல் தட ரயிலில் ஐந்தில் நான்கு பங்கு. வளர்ச்சிக்கென ஒதுக்கி வைத்த இடம் முழுவதும் ஐந்தே ஆண்டுகளில் தீர்ந்துவிட்டது. அதற்குமேல் பெட்டி சேர்க்க வேண்டுமானால் நிலத்தடி நிலையங்களையே இடித்து நீட்ட வேண்டும்.

4. வடக்கு நீட்டிப்பும் 2010ஆம் ஆண்டும்

புதிய பாய்யுன் பன்னாட்டு விமான நிலையம் 2004 ஆகஸ்டில் நகரின் வடக்கே திறக்கப்பட்டிருந்தது. 2010 நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெறவிருந்ததால், அங்கு மெட்ரோ சேர வேண்டியது அவசரமாயிற்று. போட்டிகள் தொடங்க இரு வாரங்களுக்கு முன், 2010 அக்டோபர் 30 அன்று, மூன்றாம் தடத்தின் வட நீட்டிப்பு 'விமான நிலையம் தெற்கு' நிலையம் வரை சென்றது.

விமானப் பயணிகளுக்கென வந்த இத்தடத்தை உடனடியாக நிரப்பியவர்கள் வேறு மக்கள். இடையிலுள்ள தோங்ஹே, யோங்தாய், ஜியாஹெ போன்ற இடங்களில், நகரம் சூழ்ந்துகொண்ட பழைய கிராமங்கள் நெருக்கமான வாடகைக் குடியிருப்புகளாக மாறியிருந்தன. வெளிமாகாணங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களும் குறைந்த வாடகைக்காக அங்கே தங்கினர். பெட்டிமூட்டையோடு ஏறும் விமானப் பயணியும், கைப்பையோடு அலுவலகம் விரையும் ஊழியரும் அதே சிறிய பெட்டிக்குள் இடம் தேடினர்.

இந்த நீட்டிப்பால் தடத்தின் ஒய் வடிவம் முழுமை பெற்றது. தெற்குக் கால் பான்யூவிலிருந்தும், வடக்குக் கை விமான நிலையத்திலிருந்தும், வடகிழக்குக் கை தியான்ஹே பேருந்து முனையத்திலிருந்தும் வந்து தியூ ஷீலு நிலையத்தில் கூடின. முதல் வழித்தடமும் அங்கேதான் குறுக்கிடுகிறது. விமான நிலையத் திசையிலிருந்து வரும் ரயில்கள் பொதுவாக அங்கேயே பயணத்தை முடிப்பதால், தெற்கே செல்பவர்கள் இறங்கி மாற வேண்டும். ரயில்களுக்கு இடையே தீர்க்க முடியாத சிக்கலை நடைமேடை ஏற்றுக்கொண்டது. தியூ ஷீலு, சீனாவிலேயே பயணிகள் மிகுந்த மெட்ரோ நிலையங்களில் ஒன்றாக ஆனதற்கு அதைச் சுற்றியுள்ள கடைகளும் அலுவலகங்களும் பாதிக் காரணமே. மீதி, தடத்தின் வடிவம்.

அதே நவம்பரில் நிகழ்ந்த ஒன்று, தேவையின் உண்மையான அளவை ஒரு வாரத்துக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. போட்டிக் காலத்தின் போக்குவரத்துக் கட்டுப்பாடுகளுக்கு ஈடாக, நவம்பர் 1 முதல் பொதுப் போக்குவரத்தில் இலவசப் பயணம் அறிவிக்கப்பட்டது. கூட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, நவம்பர் 8 முதல் மீண்டும் கட்டணம் வசூலிக்கப்பட்டது. அதற்கு மாற்றாகக் குடும்பம் ஒன்றுக்கு 150 யுவான் ரொக்கமாக வழங்க முடிவாயிற்று. அப்போது நகர மெட்ரோவின் நீளம் 236 கி.மீ. விலை என்ற தடுப்பு நீங்கியவுடன் அவ்வளவு பெரிய வலைப்பின்னலே திணறியது. அதன் நடுத்தண்டாக இருந்த மூன்றாம் தடத்தில் இருப்பு ஏதும் மிச்சமில்லை என்பது ஐயமறத் தெரிந்தது.

5. வடிகாலாக மாறிய தடம்

2010க்குப் பின் குவாங்சோ மெட்ரோ வேகமாகப் பரந்தது. தடங்கள் கூடினால் சுமை பகிரப்படும் என்பது பொது எதிர்பார்ப்பு. மூன்றாம் தடத்தைப் பொறுத்தவரை 2010களின் பிற்பகுதியில் நடந்தது இதற்கு நேர்மாறு.

2016 டிசம்பரில் திறக்கப்பட்ட ஏழாம் தடம், குவாங்சோ தெற்கு அதிவேக ரயில் நிலையத்திலிருந்து கிழக்கே சென்று, ஹான்ஷி சாங்லோங்கில் மூன்றாம் தடத்தைச் சந்தித்தது. 2017 டிசம்பரில் வந்த ஒன்பதாம் தடம் ஹுவாடு மக்களைக் காவ்செங்குக்குக் கொண்டுவந்து இறக்கியது. அங்கிருந்து நகருக்குள் செல்ல மூன்றாம் தடத்தின் வடக்குக் கையே வழி. 2018 டிசம்பரில் சொங்ஹுவாவை எட்டிய பதினான்காம் தடம் ஜியாஹெ வாங்காங்கில் முடிந்தது; அங்கு வந்தவர்கள் இரண்டாம் தடத்திலோ மூன்றாம் தடத்திலோ ஏறியாக வேண்டும். அதே ஆண்டு ஏப்ரலில் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்துக்கும் மூன்றாம் தடம் நீண்டிருந்தது.

இவை ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமான திட்டங்கள். வெளிமாவட்டங்களில் நிலம் கிடைப்பது எளிது. புதிய குடியிருப்புகளுக்கு மெட்ரோ உடனே தேவை. நகர மையத்தின் அடியில் புதுத் தடம் தோண்டுவதோ மெதுவான, செலவு மிக்க வேலை. எனவே ஓரங்கள் முதலில் கட்டப்பட்டன, மையம் காத்திருந்தது. பல வாய்க்கால்கள் ஒரே மடையில் வந்து விழுந்ததுபோல், ஓரங்களில் சேர்ந்த கூட்டம் முழுவதும் முன்பே நிரம்பியிருந்த தடத்தில் இறங்கியது.

நகரின் மக்கள்தொகை 2000இல் சுமார் 99 லட்சம், 2010இல் 1.27 கோடி, 2020இல் 1.87 கோடி என்கின்றன கணக்கெடுப்புகள். இந்தப் பெருக்கம் நெரிசலின் அளவை விளக்குகிறது. அது ஏன் தியூ ஷீலுவுக்கு இருபுறமும் குவிந்தது என்பதை விளக்குவது தடங்கள் திறக்கப்பட்ட வரிசைதான்.

6. நெரிசலை நிர்வகித்தல்

ரயிலை நீட்ட முடியாத நிலையில், நிர்வாகத்திடம் எஞ்சியிருந்தவை காலமும் கூட்டமும்தான். ரயிலுக்கு ரயில் இடைவெளி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, உச்ச நேரத்தில் 2 நிமிடங்களை ஒட்டி வந்தது. முன்செல்லும் ரயிலின் இருப்பிடத்தைத் தொடர்ந்து கணித்து இடைவெளியைச் சுருக்கும் சமிக்ஞை முறை இதற்கு உதவியது. முனைவரை போகாமல், கூட்டம் மிகுந்த நடுப்பகுதிக்குள்ளேயே திரும்பும் குறுந்தூர ரயில்களும் விடப்பட்டன. இல்லாவிட்டால் தொலைவில் ஏறியவர்களே பெட்டியை நிரப்பிவிட, இடைநிலையங்களில் நிற்பவர்களுக்குக் கதவு திறந்தும் பயனில்லை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது மூன்று படிகளாக வளர்ந்தது. முதலில் நடைமேடைக்கு இறங்குபவர்களை நிறுத்துவது. அது போதாவிட்டால் பயணச்சீட்டு வாயில்களில் நிறுத்துவது. அதுவும் போதாவிட்டால் நிலையத்தின் வாசலிலேயே நிறுத்துவது. வெளியே வளைந்து வளைந்து செல்லும் கம்பித் தடுப்புகள் தற்காலிக ஏற்பாடாக வந்து, பல நிலையங்களில் அன்றாடக் காட்சியாயின. ஒரு நிலையத்தில் இடம் இருக்கும்போதே, தடத்தின் கீழ்ப்பகுதியில் ஏறக் காத்திருப்பவர்களுக்காக அங்கே ஆட்களை நிறுத்தி வைக்கும் முறையும் இதில் அடங்கும். இதன் விளைவைக் கவனிக்க வேண்டும்: பயண நேரத்தின் ஒரு பகுதி ரயிலிலிருந்து தெருவுக்கு இடம் பெயர்ந்தது. 120 கி.மீ. வேகத்தால் மிச்சமான நிமிடங்களில் ஒரு பங்கை வாசல் வரிசை திரும்ப வாங்கிக்கொண்டது.

7. பணிகளைப் பிரித்தல்: 2021க்குப் பின்

தீர்வின் திசை 2021 செப்டம்பர் 28 அன்று மாறியது. அன்று திறக்கப்பட்ட பதினெட்டாம் தடம், நகரின் தென்கோடியான நான்ஷாவிலிருந்து பான்யூ சதுக்கம் வழியாக, தியான்ஹேயின் ஷியான்சுன் வரை மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ரயிலுக்கு 8 பெட்டிகள். பான்யூவிலிருந்து நகர மையத்துக்கு விரைவாகச் செல்வது என்ற பணி, அதாவது மூன்றாம் தடம் எதற்காகப் பிறந்ததோ அந்தப் பணி, முதன்முறையாக வேறொரு தடத்துக்கும் கிடைத்தது. அது தியூ ஷீலுவைத் தொடாமலே மையத்தை அடைவது கவனிக்கத்தக்கது.

2024 டிசம்பரில் வந்த பதினோராம் தடம் நகர மையத்தைச் சுற்றிவரும் வட்டத் தடம். 8 பெட்டி 'ஏ' வகை ரயில்கள் அதில் ஓடுகின்றன. குறுக்கே பயணிப்பவர்கள் மையத்தில் இறங்கி மாறாமல் விளிம்பிலேயே மாறிக்கொள்ள அது வழி செய்கிறது. ஆனால் பழைய போக்கும் முற்றாக நிற்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று மூன்றாம் தடமே பான்யூ சதுக்கத்திலிருந்து கிழக்கே ஹாய்பாங் வரை 4 புதிய நிலையங்களோடு நீண்டது. ஒரு கையால் இறக்கிய சுமையில் ஒரு பகுதியை மறு கையால் ஏற்றியதாகவே இதைப் படிக்க வேண்டும்.

8. முடிவுரை

மூன்றாம் தடத்தின் வரலாறு மூன்று கட்டங்களாகப் பிரிகிறது. 2005 முதல் 2010 வரை, புறநகருக்கென வடிவமைத்த சிறிய ரயில் நகர மையத்தின் சுமையைத் தாங்கியது. 2010 முதல் 2021 வரை, விமான நிலையமும் வெளிமாவட்டத் தடங்களும் அதன்மீது வந்து சேர்ந்தன. 2021க்குப் பின், பணிகளைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சி நடக்கிறது.

முதல் கட்டத்துப் பிழை பெட்டியின் அளவில் தெரிகிறது என்பதால், பழி பெரும்பாலும் அதன்மீதே விழுகிறது. ஆனால் 'ஏ' வகைப் பெட்டிகளே ஓடியிருந்தாலும் தரைப்பரப்பு நான்கில் ஒரு பங்குதான் கூடியிருக்கும். 2000க்கும் 2020க்கும் இடையே மக்கள்தொகை ஏறத்தாழ இரட்டித்த நகரில் அது சில ஆண்டு அவகாசத்தையே வாங்கித் தந்திருக்கும். இரண்டாம் கட்டத்து முடிவுகள் இன்னும் ஆழமானவை. ஒவ்வொரு புதிய தடமும் எத்தனை பேரை ஏற்றும் என்று கணக்கிடப்பட்டது. அவர்களை எங்கே இறக்கும், அங்கே இடம் இருக்கிறதா என்ற கேள்விக்கு உரிய எடை கிடைக்கவில்லை. விரிந்துகொண்டிருக்கும் எந்த மெட்ரோவிலும், ஓரத் தடம் ஒன்றுக்கு ஒப்புதல் தருமுன் அது போய் முடியும் நிலையத்தின் மிச்சத் திறனைக் கணக்கில் காட்டச் சொல்வது, குவாங்சோ பதினைந்து ஆண்டுகள் செலவிட்டுக் கற்ற பாடத்தை முன்கூட்டியே பயன்படுத்துவதாகும்.