மூணு கேஜ் பார்த்த ஊரும் பூஜ்ஜியம் நம்பர் எஞ்சினும்

எங்க தர்மபுரிக்கு ரயில் மூணு அகலத்துல வந்திருக்குன்னு சொன்னா வெளியூர் நண்பர்கள் நம்ப மாட்டேங்குறாங்க. அதனால கணக்கை முதல்லயே சொல்லிடுறேன்.

1906-ல் மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு நேரோ கேஜ் வந்தது. தண்டவாளத்துக்கு இடையில இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். பஞ்சம் வந்தா தானியம் கொண்டு வர வழி வேணும்னு போட்ட பாதை. 1913-ல் ஓசூர் வரை நீண்டுச்சு. இரண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டு இருந்த 1941-ல் மூடிட்டாங்க. அப்புறம் 1960களில் சேலம் - பெங்களூர் மீட்டர் கேஜ் தர்மபுரி வழியா வந்தது. 1990களில் அதையும் மாத்தி பிராட் கேஜ் ஆக்கினாங்க. ஆக 762, 1000, 1676. மூணும் ஒரே ஊர்ல.

ஒவ்வொரு தடவை அகலம் மாறும்போதும் பழைய எஞ்சினுக்கு வேலை போச்சு. எஞ்சின் நல்லா இருக்கா, கெட்டுப் போச்சான்னு யாரும் கேட்கலை. சக்கரம் உட்கார இடமில்லை, அவ்வளவுதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மாடல் ரயில் உலகத்துலயும் இதே மாதிரி ஒரு பெரிய மாற்றம் நடந்தது. ஆனா அங்க பழைய எஞ்சினுக்கு ஒரு இடம் ஒதுக்கி வெச்சாங்க. அந்தக் கதைதான் இன்னைக்கு.

பழைய மாடல் ரயில் எப்படி ஓடும்? இரண்டு தண்டவாளத்துலயும் 12 வோல்ட் வரை டிசி கரண்ட். வோல்ட்டைக் கூட்டினா வேகம், கம்பியை மாத்திக் கொடுத்தா பின்னோக்கி. எளிமையான ஏற்பாடு. ஆனா ஒரே பாதையில இரண்டு எஞ்சினை வெச்சீங்கன்னா இரண்டும் சேர்ந்தே கிளம்பும், சேர்ந்தே நிக்கும். தனித்தனியா ஓட்டணும்னா பாதையைத் துண்டு துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சுவிட்ச் வைக்கணும். ரயில் ஓட்டுறதை விட சுவிட்ச் தட்டுறதுதான் பெரிய வேலையா இருக்கும் :-)

ஆளாளுக்கு இதுக்கு வழி தேடினாங்க. 1960களின் தொடக்கத்துல அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி 'அஸ்ட்ராக்'னு ஒண்ணு கொண்டு வந்தது. ஐந்து எஞ்சின் வரை தனித்தனியா ஓட்டலாம். 1979-80 வாக்கில் இங்கிலாந்தின் ஹார்ன்பி 'ஜீரோ 1' கொண்டு வந்தது. அதுல பதினாறு எஞ்சின். 1980களின் நடுவில் ஜெர்மனியின் மெர்க்லின் 80 எஞ்சினுக்கு நம்பர் கொடுத்தது. எல்லாமே கெட்டிக்கார வேலைதான். ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பாஷை. ஹார்ன்பி சொல்றது மெர்க்லினுக்குப் புரியாது. ஜீரோ 1 சில வருஷத்துலயே கடையில இருந்து போயிடுச்சு. காசு போட்டு வாங்கினவங்க கதி? நம்ம நேரோ கேஜ் எஞ்சின் கதிதான்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு முடிவு கட்ட உட்கார்ந்தது அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம், சுருக்கமா என்.எம்.ஆர்.ஏ. ஜெர்மனிக்காரர் பெர்ன்ட் லென்ஸ் 1980களின் கடைசியில் உருவாக்கின முறையை அடிப்படையா எடுத்துக்கிட்டாங்க. 1994-ல் அதைப் பொதுத் தரமா ஏத்துக்கிட்டு, விதிகளை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதி வெளியிட்டாங்க. அதுதான் டிசிசி. யார் வேணும்னாலும் டீகோடர் செய்யலாம், யாரோட கன்ட்ரோலரோடவும் அது பேசும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். டிசிசி-யில் தண்டவாளத்துல எப்பவும் முழு மின்சாரம் இருக்கும். அது பிளஸ், மைனஸ்னு படுவேகமா மாறிக்கிட்டே இருக்கும். அந்த மாறுற நேரத்துலதான் செய்தி ஒளிஞ்சிருக்கு. ஒரு பக்கம் 58 மைக்ரோசெகண்ட் இருந்தா அது 'ஒண்ணு'. 100 மைக்ரோசெகண்டோ அதுக்கு மேலயோ இருந்தா அது 'பூஜ்ஜியம்'. எஞ்சினுக்குள்ள இருக்கிற டீகோடர் இதைப் படிச்சு, தன் நம்பர் வந்தா மட்டும் மோட்டாரை ஓட்டும்.

'அதுக்கு மேலயோ'ன்னு சொன்னேன் பாருங்க, சூட்சுமம் அங்கதான். பூஜ்ஜியத்தை இழுத்து நீட்டலாம், கிட்டத்தட்ட 10,000 மைக்ரோசெகண்ட் வரைக்கும். எவ்வளவு நீட்டினாலும் டீகோடருக்கு அது பூஜ்ஜியம்தான். ஆனா டீகோடரே இல்லாத பழைய மோட்டாருக்கு? பிளஸ்ஸும் மைனஸும் சமமா இருக்கும்போது அது நின்ன இடத்துலயே ரீங்காரம் போடும். பிளஸ் பக்கத்தை மட்டும் நீட்டினா சராசரி அந்தப் பக்கம் சாயும், எஞ்சின் நகரும். மைனஸை நீட்டினா திரும்பி வரும். இந்த வேலைக்குன்னே பூஜ்ஜியம் என்கிற நம்பரை ஒதுக்கினாங்க. ஒரே பாதையில புதுசு நாலு, அஞ்சோட பழசு ஒண்ணும் ஓடலாம்.

இதுல ஒரு சிக்கலும் இருக்கு. அந்த ரீங்காரத்துல மோட்டார் சூடாகும். எல்லா கம்பெனியும் இந்த வசதியைத் தர்றதும் இல்லை. அதனால பூஜ்ஜியம் நம்பர் ஒரு தற்காலிக ஏற்பாடு, வீடு கட்டி முடிக்கிற வரைக்கும் கொட்டகை மாதிரி. பழைய எஞ்சினுக்குள்ள டீகோடர் வைக்கிறதுதான் நிரந்தர வழி. அதுக்கு முன்னாடி சில சோதனைகள் பண்ணியே ஆகணும்.

முதல்ல எஞ்சினை சாதாரண டிசி-யில் ஓட்டிப் பார்க்கணும். அங்க திக்கித் திணறுற எஞ்சின் டீகோடர் வெச்சாலும் திக்கும். சக்கரத்தைத் துடைச்சு, கெட்டியாப் போன பழைய கிரீஸை வழிச்சுட்டு, புதுசா ஒரு சொட்டு எண்ணெய் விட்டாலே பாதி நோய் போயிடும்.

இரண்டாவது, மோட்டார் எவ்வளவு ஆம்பியர் குடிக்குதுன்னு அளக்கணும். 12 வோல்ட் கொடுத்து, மோட்டாரை ஒரு நொடி கையால பிடிச்சு நிறுத்தி மீட்டரைப் பார்க்கணும். சின்ன டீகோடர்கள் பெரும்பாலும் 1 ஆம்பியர்தான் தாங்கும். பழைய மோட்டார்ல காந்தம் வலுவிழந்திருந்தா அதைத் தாண்டிடும். காந்தத்தை எடுத்துட்டு நியோடிமியம் காந்தம் வெச்சா ஆம்பியர் நல்லாவே இறங்கும்.

மூணாவதுதான் உயிர்நாடி. மோட்டாரோட இரண்டு பிரஷ்ஷும் தண்டவாளத்தோடயோ சேஸிஸோடயோ நேரடியா ஒட்டக் கூடாது. 1960களில் டிரையாங் எஞ்சின்கள்ல வந்த எக்ஸ்04 மோட்டாரை எடுத்துக்கோங்க. ஒரு பிரஷ்ஷுக்கு மட்டும்தான் காப்பு உறை இருக்கும், இன்னொண்ணு சேஸிஸ் வழியாவே கரண்ட் வாங்கும். அன்னைக்கு அது சிக்கனம். இன்னைக்கு அப்படியே டீகோடர் மாட்டினா டீகோடர் புகைஞ்சிடும். இரண்டாவது பிரஷ்ஷுக்கும் உறை போட்டு, மல்டிமீட்டரை சக்கரத்துல ஒரு முனை, பிரஷ்ல ஒரு முனை வெச்சுப் பார்க்கணும். பீப் சத்தமே வரக் கூடாது.

அப்புறம் வயர் நாலு. சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. முடிச்சதும் நேரா பெரிய பாதையில விடாதீங்க. கரண்ட் குறைவா வர்ற புரோகிராமிங் பாதையில வெச்சு, நம்பரைப் படிக்கச் சொல்லுங்க. புது டீகோடர் '3'ன்னு பதில் சொல்லும். சொல்லிச்சுன்னா இணைப்பு சரி. சொல்லலைன்னாலும் அவ்வளவு குறைஞ்ச கரண்ட்ல டீகோடர் சேதமாக வாய்ப்பு குறைவு.

தர்மபுரி நேரோ கேஜையே மாடலா செய்ய ஆசைப்படுறவங்களுக்கு ஒரு கணக்கு. 762 மில்லிமீட்டரை ஹெச்ஓ அளவுக்கு 87-ஆல் வகுத்தா 8.76 வருது. என் கேஜ் பாதை 9 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கடையில கிடைக்கிற என் கேஜ் தண்டவாளமே போதும். பழைய என் கேஜ் எஞ்சினோட அடிப்பாகத்தை எடுத்து மேல புது உடம்பு கட்டலாம். முன்னெல்லாம் அவ்வளவு சின்ன எஞ்சின்ல டீகோடருக்கு இடம் தேடுறதே பெரும்பாடு. இப்ப விரல் நகத்தை விடச் சின்னதாவே வந்திடுச்சு.

1960களில் செஞ்ச ஒரு பொம்மை எஞ்சின் இன்னைக்கும் புதுப் பாதையில ஓட முடியுதுன்னா, விதி எழுதினவங்க பழைய எஞ்சின் வெச்சிருந்தவனையும் கூட்டத்துல ஒருத்தனா நினைச்சாங்க. நிஜ ரயிலுக்கு அந்தச் சலுகை கிடையாது, அகலம் இரும்புல அடிச்சது. 1941-ல் எட்டு வயசு இருந்தவங்களுக்கு இப்ப தொண்ணூறு தாண்டியிருக்கும். மொரப்பூர், பாலக்கோடு, ஓசூர் பக்கம் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ வீட்ல இருந்தா, அந்தச் சின்ன ரயில் என்ன நிறத்துல இருந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன். பெயின்ட் அடிக்கணும்.

டிஸ்கி: கோர்லெஸ் மோட்டார் உள்ள எஞ்சினை பூஜ்ஜியம் நம்பர்ல வைக்கவே வைக்காதீங்க. கருகிடும்.