மேகம் என்னும் குடோன்: வீடியோ கேம் சேமிப்பின் கதை

குடோன் என்றால் என்ன என்று தூத்துக்குடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கப்பலில் வந்த சரக்கு குடோனில் இறங்கும். சரக்குக்கு உரியவர் கையில் இருப்பது ரசீது மட்டும்தான். வாடகையைக் கட்டி ரசீதைக் காட்டினால் சரக்கு வெளியே வரும். வீடியோ கேம் உலகில் 'கிளவுட் ஸ்டோரேஜ்' என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதே ஏற்பாடுதான்.

ஆரம்பத்தில் பல விளையாட்டுகளில் சேமிப்பு என்பதே கிடையாது. சில விளையாட்டுகள் ஒரு நீளமான பாஸ்வேர்டைத் தரும். அதை நோட்டில் எழுதி வைத்து மறுநாள் அடிக்க வேண்டும். 1987-ல் அமெரிக்காவில் வெளியான 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா' கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு சின்ன பேட்டரி இருந்தது. டிவியை அணைத்தாலும் விட்ட இடம் நினைவில் இருக்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போச்சு! 1994-ல் வந்த பிளேஸ்டேஷனுக்குத் தனி மெமரி கார்டு. அதன் கொள்ளளவு வெறும் 128 கிலோபைட். 2000-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு அது 8 மெகாபைட் ஆனது. 2001-ல் எக்ஸ்பாக்ஸ் உள்ளேயே ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது.

இதுவரை சரக்கு வீட்டுப் பெட்டிக்குள்தான் இருந்தது. கன்சோல்களில் 2011-ல் அது வெளியே போனது. மார்ச் மாதம் பிளேஸ்டேஷன் 3-ன் 'பிளஸ்' சந்தாதாரர்களுக்கும், டிசம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் கிளவுட் சேமிப்பு வந்தது. எக்ஸ்பாக்ஸில் ஒருவருக்கு 512 மெகாபைட் இடம். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2018 செப்டம்பரில் சேர்ந்துகொண்டது.

இது எப்படி வேலை செய்கிறது? விளையாட்டு முதலில் கன்சோலுக்குள்ளேயே சேமிக்கப்படும். பிறகு அதன் பிரதி இணையம் வழியே நிறுவனத்தின் சர்வருக்குப் போகும். வேறொரு கன்சோலில் அதே கணக்கில் நுழைந்தால், சர்வரில் உள்ளதும் பெட்டியில் உள்ளதும் ஒப்பிடப்படும். புதியது எது என்று குழப்பம் வந்தால் விளையாடுபவரிடமே கேட்கும். அங்கே தவறாக அமுக்கினால் பல நாள் உழைப்பு அழிந்துவிடும்.

மேகம் என்றதும் வானத்தைப் பார்க்க வேண்டாம்... கடலைப் பார்க்கலாம். நாடு விட்டு நாடு போகும் தகவலில் பெரும்பகுதி கடலடிக் கேபிளில்தான் போகிறது. முத்துக்குளித்த இதே கரையிலிருந்து கொழும்பை அடுத்த கல்கிசைக்கு 2006-ல் பி.எஸ்.என்.எல்.லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சுமார் 325 கி.மீ. நீளத்தில் ஒரு கேபிளை இயக்கத் தொடங்கின. அந்தக் கேபிளின் மறுமுனையில் இருந்தது தரையில் நிற்கும் இன்னொரு கட்டிடம்தான். கிளவுட் சேமிப்பும் அப்படித்தான். எங்கோ ஒரு கட்டிடத்தில், யாரோ கரண்ட் பில் கட்டும் ஹார்ட் டிஸ்க்கில் அது இருக்கிறது.

குடோன் பூட்டிக்கொண்டால் என்ன ஆகும்? 2011 ஏப்ரல் 20 அன்று, ஹேக்கர்கள் புகுந்ததால் சோனி தன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கையே மூடியது. சுமார் 7.7 கோடி கணக்குகள் பாதிக்கப்பட்டன. சேவை மெல்லத் திரும்ப மூன்று வாரங்களுக்கு மேல் ஆனது. கிளவுட் சேமிப்பு ஆரம்பித்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

வாடகை கட்டாவிட்டால்? ஸ்விட்சில் சந்தா முடிந்தபின் 180 நாட்களுக்குள் புதுப்பித்தால்தான் கிளவுடில் இருப்பது திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் 4-ல் பென் டிரைவில் இலவசமாகப் பிரதி எடுக்கலாம். 2020-ல் வந்த பிளேஸ்டேஷன் 5-ன் விளையாட்டுகளுக்கு அந்த வசதி இல்லை. சேமிப்பை மட்டும் தனியாகப் பிரதி எடுத்து வெளியே வைக்க, பணம் கட்டும் கிளவுட்தான் வழி. எக்ஸ்பாக்ஸோ 2013-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் முதலே இதை இலவசமாகத் தருகிறது. ஆக, இது தொழில்நுட்பக் கட்டாயம் அல்ல, வியாபார முடிவு.

மெமரி கார்டு தொலைந்தால் தவறு நம்முடையது, ஆனால் கார்டும் நம்முடையதாக இருந்தது. கிளவுடில் தொலையும் பயம் குறைந்தது. பதிலுக்கு, கைக்கு மிஞ்சியது ரசீது மட்டும்.