விழக் கற்றுக்கொண்ட பெண்கள்

எட்டு வயதுப் பையன் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு விழுகிறான். முழங்கால் தேய்கிறது. வீட்டில் நாலு திட்டு, கொஞ்சம் தேங்காய் எண்ணெய். மறுநாள் மறுபடியும் தெருவில் நிற்கிறான். விழுந்து எழுந்த ஒவ்வொரு முறையும் அவன் உடம்பு ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறது: எந்தப் பக்கம் சாய்வது, பிரேக்கை எப்போது விடுவது, விழும்போது கையை எப்படி ஊன்றாமல் இருப்பது. அதை யாரும் படிப்பு என்று சொல்வதில்லை. அவனுடைய அக்கா வயதுக்கு வந்த அன்றோடு சைக்கிளை விட்டு இறங்கியிருப்பாள். பல வீடுகளில் ஏறியே இருக்க மாட்டாள்.

முப்பத்தைந்து வயதில் ஒரு பெண் முதல் தடவையாக மலை சைக்கிள் பந்தயத்தின் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது இந்த வித்தியாசமும் அவளுடன் வந்து நிற்கிறது. மலைப் பாதையில் கல்லும் வேரும் புழுதியும் செங்குத்துச் சரிவும் உண்டு. அங்கே நெஞ்சில் மூச்சும் காலில் பலமும் மட்டும் போதாது. விழுந்துவிடுவோம் என்ற பயத்தைக் கையாளத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்தைந்து வருடம் முன்னாலேயே அந்தப் பயத்தைத் தெருவில் தொலைத்தவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள். அவள் இன்றுதான் தொடங்குகிறாள்.

மலை சைக்கிளின் வரலாறு வழக்கமாகச் சில துணிச்சலான இளைஞர்களின் கதையாகவே சொல்லப்படுகிறது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் வளர்ந்த பிறகு, தாமதமாக வந்து கற்றுக்கொண்ட பெண்களின் வழியாகவும் அதைச் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால், முதலில் வந்து ஜெயித்தவர்களைப் போலவே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் முக்கியமானவர்களாகத் தெரிவார்கள்.

கதை மலைக்கு முன்பே, 1890களில் தொடங்குகிறது. ஃபிரான்சஸ் வில்லார்ட் மதுவிலக்குக்காகவும் பெண்களின் வாக்குரிமைக்காகவும் போராடிய தலைவர். 1839இல் பிறந்தவர். ஐம்பத்து மூன்றாவது வயதில் சைக்கிள் கற்றுக்கொண்டார். தன் சைக்கிளுக்கு கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். அந்த அனுபவத்தை 1895இல் சிறு புத்தகமாக எழுதினார். சிறுமியாக வயல்வெளியில் ஓடித் திரிந்தவர் அவர். பதினாறாவது பிறந்தநாளில் தரை புரளும் பாவாடையும் இறுக்கமான உள்ளாடையும் உயரக் குதிகால் செருப்பும் வந்து சேர்ந்தன, அந்த ஓட்டம் அன்றோடு நின்றது என்று அதில் சொல்கிறார். நமக்கு இது வேறு நாட்டுக் கதையாகவே தோன்றாது. தாவணி வந்த நாளை நினைத்துக்கொண்டால் போதும்.

வில்லார்ட் தினமும் கொஞ்ச நேரம் என்று சில மாதங்கள் பழகினார். சுற்றிலும் ஆட்கள் சைக்கிளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்களின் முகம் கோணிவிடும், கருப்பை கெட்டுவிடும் என்று மருத்துவர்கள் சிலரே எச்சரித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு பொதுத் தலைவி, எல்லோரும் பார்க்கத் தான் தடுமாறியதை மறைக்காமல் எழுதினார். வயது வந்த பெண் ஒன்றைப் புதிதாகக் கற்பது வெட்கப்படவேண்டிய விஷயம் அல்ல என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி.

அதற்கு எண்பது வருடம் கழித்து மலைக்கு வருகிறோம். கலிபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரீன் என்ற மாவட்டம் இருக்கிறது. 1970களில் அங்கே ஒரு நண்பர் கூட்டம் 1930களிலும் 40களிலும் செய்யப்பட்ட பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து மலையிலிருந்து இறங்கத் தொடங்கியது. ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல் எடை. பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். 1976 அக்டோபரில் ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ஒரு மண் பாதையில் முதல் பந்தயம் நடந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குள் நானூறு மீட்டர் இறக்கம். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் சூடேறி, ஹப்பிலுள்ள கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டும். 'மறுபடி அடைப்பது' என்ற அர்த்தத்தில் அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் விழுந்தது.

அந்தக் கூட்டத்தில் இருந்த பெண் வெண்டி கிராக். ரீபேக்கில் பெண்களுக்கான சாதனை நேரம் அவருடையது. 1978இல் கொலராடோவின் பேர்ல் கணவாயை சைக்கிளில் கடக்கக் கலிபோர்னியாவிலிருந்து ஐந்து பேர் போனார்கள். அந்த ஐவரில் ஒரே பெண் அவர்தான். பேர்ல் கணவாய் கடல் மட்டத்திலிருந்து மூவாயிரத்து எண்ணூறு மீட்டருக்கும் மேலே இருக்கிறது. சைக்கிளை ஓட்டிய தூரத்தோடு தள்ளிய தூரமும் சேர்ந்த பயணம்.

கிராக் இன்னொரு வேலையும் செய்தார். கேமராவோடு வளைவுகளில் நின்று படம் எடுத்தார். மலை சைக்கிளின் பிறப்பு என்று இன்று உலகம் பார்க்கும் படங்களில் பெரும்பகுதி அவர் எடுத்தவை. புழுதி பறக்க, ஜீன்ஸும் கனத்த பூட்சும் போட்ட ஆண்கள் வளைவில் சரிந்து வரும் படங்கள் அவை. அந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு 'அங்கே ஆண்கள்தான் இருந்தார்கள்' என்று தோன்றும். படம் எடுப்பவர் படத்தில் விழ மாட்டார் அல்லவா? வீட்டு ஆல்பங்களில் பந்தி பரிமாறிய பெண்கள் இல்லாமல் போவது போலத்தான் இதுவும். ஒரு விளையாட்டின் நினைவையே சேமித்துக் கொடுத்த பெண், அந்த நினைவிலிருந்து தானே விலகி நிற்கும்படி ஆயிற்று.

எழுத்திலும் ஒரு பெண் இருந்தார். மலை சைக்கிளுக்கென்று வெளிவந்த முதல் பத்திரிகை ஃபேட் டயர் ஃப்ளையர், 1980இல் தொடங்கியது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவர் சார்லி கெல்லி, மற்றவர் டெனிஸ் கரமாக்னோ. 'தடித்த டயர்' என்ற பொருள் தரும் அந்தச் சொல்லாட்சி பரவக் காரணமானவர் கரமாக்னோ. பந்தய விவரங்களும் கேலியும் செய்முறைக் குறிப்புகளும் அந்தப் பத்திரிகை வழியாக ஊர் ஊராகப் போயின.

1980களின் தொடக்கத்தில் இந்தக் கூட்டத்துக்குள் வந்தவர் ஜாக்கி ஃபிலன். 1955இல் பிறந்தவர். பந்தயத்துக்கு வரும்போது வயது இருபதுகளின் நடுப்பகுதி. 1983, 1984, 1985 என மூன்று வருடம் தொடர்ந்து அமெரிக்க தேசிய மலை சைக்கிள் சாம்பியன் ஆனார். சாம்பியன்கள் நிறைய உண்டு. ஃபிலனை நாம் நினைவில் வைக்க வேண்டியது அதற்குப் பிறகு அவர் செய்த வேலைக்காக. அதே பத்தாண்டில் பெண்களுக்காக ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயர், பெண்கள் மலை சைக்கிள் மற்றும் தேநீர்ச் சங்கம். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் வோம்பாட்ஸ் என்று வரும். வோம்பாட் என்பது ஆஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும், குட்டைக் கால் கொண்ட, உருண்டு திரண்ட பிராணி. சிறுத்தை, கழுகு என்று பெயர் வைத்துக்கொள்ளும் விளையாட்டு உலகத்தில், மண்ணைக் கிளறும் குண்டுப் பிராணியையும் ஒரு கோப்பைத் தேநீரையும் அடையாளமாகத் தேர்ந்தெடுத்தார். சங்கத்தின் பெயரிலேயே சிரிப்பு இருக்கிறது. வருகிறவள் வேகமாகப் போகத் தெரிந்தவளாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்தச் சிரிப்பு முதலிலேயே சொல்லிவிடுகிறது.

அந்தக் காலத்தில் ஒரு பெண் மலை சைக்கிள் பழக வேண்டுமென்றால் பெரும்பாலும் கணவனோ காதலனோ கூட்டிப் போவான். முதல் நாளே தனக்குப் பிடித்த சரிவுக்கு அழைத்துப் போய், "ஒன்றுமில்லை, வா" என்று சொல்லிவிட்டு முன்னால் மறைந்துவிடுவான். அவள் விழுந்து, அழுது, 'நமக்கு இது சரிப்படாது' என்று திரும்பிவிடுவாள். அவளுக்குத் தைரியம் இல்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவளுக்கு இல்லாதது பாடம். அவன் அதைச் சிறு வயதிலேயே படித்துவிட்டதால், அது பாடம் என்பதே அவனுக்கு நினைவில்லை.

பெண்கள் பெண்களுக்கு நடத்திய வகுப்புகள் அந்தப் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தன. இன்றும் தொடக்கநிலை வகுப்புகளில் சொல்லித்தருவது இவைதான். இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தி, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க எழுந்து நில்லுங்கள். உடம்பின் எடை பின்னால் போகட்டும். பிரேக்கில் ஒன்றோ இரண்டோ விரல் போதும், மற்ற விரல்கள் ஹேண்டில் பாரைப் பிடிக்கட்டும். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் தலைகுப்புறத் தூக்கிப் போடும், மெல்ல அழுத்தினால் அதுதான் உங்களை நிறுத்தும். மோதக்கூடாத கல்லைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய வழியைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும். இவற்றில் எதுவும் பிறவித் துணிச்சலைக் கேட்கவில்லை. ஒரு புல்வெளியும் பொறுமையான ஆசிரியையும் இருந்தால் ஐம்பது வயதிலும் பழகலாம்.

இன்னொன்றையும் அங்கே சொல்லித்தருவார்கள்: முடியாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். பந்தய விதியே அதை அனுமதிக்கிறது. பேர்ல் கணவாயைக் கடந்தவர்களும் தள்ளித்தான் கடந்தார்கள்.

பந்தயங்களுக்கு ஒரு பொது ஒழுங்கு வந்ததும் இதே காலத்தில்தான். 1983இல் அமெரிக்காவில் தேசிய அமைப்பு உருவானது. தொடக்கநிலை, நடுநிலை, தேர்ந்த நிலை என்று தொழில்முறை அல்லாதவர்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள் வந்தன. தொடக்கநிலையில் தூரம் குறைவு, சுற்றுகளும் குறைவு. நாற்பது வயதில் தொடங்குபவருக்கும் உட்கார ஓர் இடம் கிடைத்தது. ஆனாலும் பெண்கள் குறைவாக வரும் போட்டிகளில் எல்லா வயதுப் பெண்களையும் ஒரே பிரிவில் போட்டுவிடுவது வழக்கம். இருபத்து மூன்று வயதுக்காரியும் நாற்பத்தெட்டு வயதுக்காரியும் ஒரே கோட்டில் நிற்பார்கள். ஆண்களை ஐந்து வருடத்துக்கு ஒரு பிரிவாகப் பிரித்திருப்பார்கள்.

பெரிய மேடைகளில் என்ன நடந்தது? 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் உலக சைக்கிள் சம்மேளனத்தின் முதல் மலை சைக்கிள் உலகப் போட்டி நடந்தது. பெண்கள் பிரிவில் வென்றவர் ஜூலி ஃபர்டாடோ. பனிச்சறுக்கு வீராங்கனையாக இருந்து, முழங்கால் காயங்களால் அதை விட்டுவிட்டு சைக்கிளுக்கு வந்தவர். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை சைக்கிள் முதன்முதலாகச் சேர்ந்தது. அந்த முதல் தடவையே ஆண்கள், பெண்கள் என இரண்டு பந்தயமும் நடந்தன. பெண்களில் இத்தாலியின் பவுலா பெட்ஸோ தங்கம் வென்றார். சாலை சைக்கிள் பந்தயத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்களுக்கு 1896இலேயே ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தது. பெண்களுக்கு 1984 வரை கதவு திறக்கவில்லை. எண்பத்தெட்டு வருடம். மலை சைக்கிள் ஒலிம்பிக்கின் கதவுக்கு வரும்போது பெண்கள் ஏற்கெனவே அதன் உள்ளே இருந்தார்கள். படம் எடுத்தவராக, பத்திரிகை நடத்தியவராக, பந்தயம் ஓடியவராக, பாடம் சொன்னவராக இருந்தார்கள். பெண்கள் இல்லாத விளையாட்டு என்று சொல்லி அவர்களை வெளியே நிறுத்த முடியவில்லை.

இதைப் படிக்கும்போது எனக்குப் புதுக்கோட்டை நினைவுக்கு வராமல் இல்லை. அது மலைப் பந்தயமும் இல்லை, கியர் வைத்த சைக்கிளும் இல்லை. ஆனால் வளர்ந்த பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து சைக்கிள் கற்று, ஊரறியப் போட்டியும் நடத்தினார்கள் என்பதில் இரண்டும் ஒரே வரலாறுதான். 1991இல் அறிவொளி இயக்கம் அந்த மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகளைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் பயிற்சியையும் அதோடு சேர்த்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். நேற்று கற்றவள் இன்று இன்னொருத்தியின் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். காட்சியும் போட்டியும் சேர்ந்த பொது நிகழ்ச்சிகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஓட்டிக் காட்டியதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐநூறுக்கும் அதிகமான பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் போனார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். பெண்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள்.

தடைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்க வாரத்தில் சில மணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் யார் இட்லி ஊற்றுவது என்ற கேள்விக்கு ஒரு பதில் வேண்டும். மணிக்கட்டு உடைந்தால் பிள்ளையை யார் தூக்குவது, சம்பளம் என்னாவது என்பதும் உண்மையான கணக்குகள். எட்டு வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. அவன் பயப்படாததில் அதிசயம் ஒன்றும் இல்லை. இத்தனை கணக்கையும் போட்டுப் பார்த்த பிறகும் ஒருத்தி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வருகிறாள் என்றால் அவளைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதனால் தொடங்க நினைக்கும் தோழிக்கு ஒரே ஒரு யோசனை. முதலில் உங்களைப் போலவே புதிதாகக் கற்கும் இன்னொரு பெண்ணைத் தேடுங்கள். சைக்கிளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இருவரும் ஒரு புல் தரைக்குப் போங்கள். இருக்கையைத் தாழ்த்தி வைத்துவிட்டு, மெதுவாக ஓட்டி, மெதுவாக விழுந்து பாருங்கள். கையோடு ஒரு பிளாஸ்கில் டீயும் எடுத்துப் போங்கள்.