கண்ணுக்குப் புலப்படாத குறையை அளந்த கதை

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைராய்டு சுரப்பி. அதன் எடை ஏறக்குறைய 20 கிராம்தான். ஆயினும் உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, செரிமானம், மனத்தின் ஊக்கம் ஆகிய யாவும் அது சுரக்கும் நீரின் அளவைப் பெரிதும் பொறுத்திருக்கின்றன. சுரப்பு குறைந்தால் அசதி மேலிடும், உடல் பருக்கும், குளிர் தாங்காது, மலம் இறுகும், தோல் வறளும், தலைமயிர் உதிரும், மாதவிலக்கு முறை தவறும், நினைவு மந்தமாகும். சுரப்பு மிகுந்தாலோ நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உடல் மெலியும். இவற்றுள் எதனைத் தனியே எடுத்துக்கொண்டாலும் அதற்கு வேறொரு காரணம் சொல்லிவிடலாம். வயது என்பர், வேலைப்பளு என்பர், கவலை என்பர். இந்நோய் நெடுங்காலம் மறைந்து வாழ்ந்ததன் இரகசியம் இதுவே. அதனை வெளிக்கொணர்ந்த சோதனைகளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1873-ஆம் ஆண்டில் வில்லியம் கல் என்னும் ஆங்கில மருத்துவர், நடுவயதுப் பெண்மணிகள் சிலருக்கு முகம் உப்பி, நாத் தடித்து, உடலும் அறிவும் மந்தமாகி வருவதை விவரித்து எழுதினார். 1888-இல் லண்டன் மருத்துவர் கழகம் ஒன்று இத்தகைய நோயாளிகள் நூற்றுக்கு மேற்பட்டோரின் நிலையை ஆராய்ந்து, தைராய்டு நலிவே இதற்குக் காரணம் எனத் துணிந்தது. 1891-இல் நியூகாசில் நகரத்து ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஊசி மூலம் செலுத்தினார். அவ்வம்மையார் அதன்பின் 28 ஆண்டுகள் நலமாக வாழ்ந்தார். மருந்து இவ்வாறு கிடைத்துவிட்டது. சோதனை மட்டும் கிடைக்கவில்லை. முகம் உப்பி, நோய் முற்றித் தெரிந்தவர்க்கே மருந்து எட்டியது. தொடக்க நிலையிலிருந்தவரைக் கண்டறிய வழியில்லை.

நம் நாட்டில் இந்நோயின் மற்றொரு தோற்றம் யாவரும் காணத்தக்கதாக இருந்தது. இமயத்தின் அடிவாரமெங்கும் கழுத்துக் கழலையோடு மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராபர்ட் மக்காரிசன் என்பவர் கில்கிட் பகுதியில் இதனை ஆராய்ந்தார். அவ்வூர் நீரின் வண்டலைத் தாமே பருகிச் சோதனையும் செய்தார். நீரின் அசுத்தமே காரணம் என்று அவர் கருதினார். மழையும் பனியாறும் மண்ணிலிருந்த அயோடினை அரித்துச் சென்றதே முதன்மையான காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. மக்காரிசன் பிற்காலத்தில் நமது நீலகிரியின் குன்னூரில் வளர்த்த ஆராய்ச்சிக்கூடமே ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

அக்குன்னூர்க் கூடத்தில் பணியாற்றியவர் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி. 1956-இல் காங்க்ராப் பள்ளத்தாக்கில் தொடங்கிய புகழ்பெற்ற ஆய்வினை நடத்தியவர் அவரே. சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்த அப்பகுதி மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வட்டாரங்களுக்கு அயோடின் கலந்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கப்பட்டன. ஆறு ஆண்டுகளில் முன்னைய இரண்டிலும் கழலை பாதியளவுக்குக் குறைந்தது, மூன்றாவதில் குறையவில்லை. அதன்பின் அவ்வட்டாரத்திற்கும் அயோடின் உப்பு அளிக்கப்பட்டது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் உப்புப் பொட்டலத்தின்மேல் அயோடின் என்ற சொல் பொறிக்கப்பட்டிருப்பதன் பின்னணி இதுவாகும்.

இவ்வெற்றியால் ஒரு தவறான எண்ணமும் பரவிற்று. தைராய்டு நோய் மலைநாட்டு நோய். உப்புச் சரியாயின் நோயும் இல்லை என்று பலர் கருதினர். 1912-இலேயே ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ மற்றொரு வகையை விவரித்திருந்தார். உடலின் தற்காப்புப் படையே தவறிப்போய்த் தைராய்டைத் தாக்குகின்றது என்பது 1956-இல் தெளிவாயிற்று. கடற்கரையில் வாழ்வோரையும், அயோடின் உப்பை நாள்தோறும் உண்போரையும் இந்நோய் விடுவதில்லை. ஆண்களைவிடப் பெண்களையே அது மிகுதியாகப் பற்றுகிறது. கழுத்தில் வீக்கம் தெரியாமலும் அது வளரும்.

கண்ணுக்குத் தெரியாததை எவ்வாறு அளப்பது? முதலில் மூச்சை அளந்தனர். நோயாளி இரவெல்லாம் பட்டினி கிடந்து, அசையாமல் படுத்து, கருவியொன்றினுள் மூச்சு விட வேண்டும். செலவான பிராணவாயுவைக் கொண்டு கணக்கிடுவர். சிறு அச்சமும் காய்ச்சலும் இக்கணக்கைக் கெடுத்துவிடும். பின்னர்க் குருதியிலுள்ள அயோடினை அளந்தனர். அதன்பின் கதிரியக்க அயோடினைப் பருகக் கொடுத்து, சுரப்பி அதனை எவ்வளவு ஈர்க்கிறது எனக் கண்டனர். இத்துறையில் பெரும்பணி புரிந்துவரும் கதிரியக்க மருத்துவ மையம் பம்பாயில் 1963-இல் நிறுவப்பட்டது.

பெரிய திருப்பம் நியூயார்க் நகரத்தில் நிகழ்ந்தது. ரோசலின் யாலோ என்னும் பௌதிக அறிஞரும் சாலமன் பெர்சன் என்னும் மருத்துவரும், குருதியில் கடுகளவினும் கோடியில் ஒரு பங்காக உள்ள பொருளையும் அளக்கும் முறையை 1950-களின் இறுதியில் கண்டனர். அதற்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. பெர்சன் மறைந்தபின், 1977-இல் யாலோ அம்மையார் நோபல் பரிசு பெற்றார். இம்முறையைக் கொண்டு 1965-இல் டி.எஸ்.எச். எனப்படும் பொருள் அளக்கப்பட்டது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி ஒரு மேற்பார்வையாளர் போன்றது. தைராய்டு தளர்ந்தால் அது டி.எஸ்.எச். என்ற ஏவலை மேன்மேலும் அனுப்பும். ஆதலின் தைராய்டு நீர் குறைவதற்கு முன்பே ஏவலின் எண்ணிக்கை ஏறிவிடும். முகம் உப்பும்வரை காத்திருந்த காலம் அன்றோடு முடிந்தது.

ஆயினும் சோதனை இருப்பது வேறு, அது நமக்குச் செய்யப்படுவது வேறு. சென்னை, டில்லி, பம்பாய், கல்கத்தா உள்ளிட்ட எட்டு நகரங்களில் நடந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, வயதுவந்தோருள் நூற்றுக்குப் பதினொருவர்க்குத் தைராய்டுக் குறை இருப்பதாகக் காட்டியது. அவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதுவரை தம் நோயை அறியாதவர்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனியான இடர் ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை நன்கு அறிவோம். 'அசதி' என்று நம் வீட்டுப் பெண்மணி தமிழில் உணர்வதை, அண்டை வீட்டார் உதவியுடன் இந்தியில் 'சுஸ்தி' என்று சொல்லிவிட்டால், கேட்பவர் செவியில் சோம்பலும் சேர்ந்தே ஒலிக்கும். 'தகான்' என்றால் களைப்பு என்பது விளங்கும். அதனினும் நன்று, சொல்லை விட்டு நிகழ்ச்சியைச் சொல்வது: எத்தனை மாதமாக, எவ்வளவு எடை ஏறிற்று, மாதவிலக்கு எவ்வாறு மாறிற்று, குடும்பத்தில் எவர்க்கு இந்நோய் உண்டு என ஒரு தாளில் எழுதிச் செல்லலாம்.

சோதனையைப் பற்றியும் சில அறிந்திருத்தல் நலம். முதற்சோதனை டி.எஸ்.எச். அது அளவு கடந்திருந்தால் டி.4 என்னும் தைராய்டு நீரையும் பார்ப்பர். பிட்யூட்டரியே பழுதுற்றதாக ஐயம் எழுந்தால் டி.எஸ்.எச். மட்டும் போதாது. தற்காப்புப் படையின் தாக்குதலை அறியத் தனிச் சோதனை உண்டு. கடுங்காய்ச்சலில் எடுத்த அளவு வழிதவறச் செய்யலாம். தலைமயிர் உதிர்வதற்கென உண்ணும் பயோட்டின் மாத்திரையும் கணக்கைப் பிறழச் செய்யும். அதனை மருத்துவரிடம் முன்னரே சொல்லவேண்டும். கருவுற்ற பெண்மணிகளுக்கு உரிய அளவு வேறு. குழந்தையின் மூளை வளர்ச்சி அதனைச் சார்ந்திருத்தலின் தாமதம் கூடாது. மருந்து தொடங்கினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் அளந்து பார்த்தல் முறை. ஊர் மாறும்போது பழைய சோதனைத் தாள்களை உடன் கொண்டு செல்வதும் இன்றியமையாதது.

முடிவு சரியாக இருந்தால் அதுவும் ஒரு பயனே. அசதிக்குக் குருதிச்சோகை முதலிய வேறு காரணங்களை நாடலாம். சோதியாமலே ஒருவரைச் சோம்பேறி என்றும் மனநோயாளி என்றும் தீர்ப்பளிப்பதற்குத்தான் நியாயம் இல்லை. ஒரு நூற்றாண்டு உழைப்பு நம் கையில் தந்திருப்பது சிறு குருதித் துளியின் சாட்சியம். அதனைக் கேட்டுப் பெறுவோமாக.